எங்கள் தெருவுக்குக் கடல் வரவில்லை

சின்ன வயதில் இருந்தே எனக்கு அடுத்தவர் இலையில் இருக்கும் அப்பளம்தான் பெரிதாகத் தெரியும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் என் இலையைப் பார்க்கவே மாட்டேன். பக்கத்து இலையில் வடை இரண்டாக விழுந்ததா, பாயசத்தில் எத்தனை முந்திரி மிதக்கிறது என்று எண்ணி முடிப்பதற்குள் எனக்கு ஊற்றிய ரசம் இலையை விட்டு ஓடிப் பாவாடையை நனைத்திருக்கும். "இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு இது எங்க உருப்படப் போவுது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். உருப்பட்டேனா என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இந்த வயதிலும் உடம்பு கூசுகிறது.

2004ஆம் வருடத்து மார்கழி. அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். நான் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு, அண்ணன் ஆண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. அப்பாவுக்கு தாலுக்கா ஆபீஸில் எழுத்து வேலை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்தார். வருடா வருடம் திருவாதிரைக்கு நாங்கள் அங்கே போய்விடுவது வழக்கம். முதல் நாள் தேர், மறுநாள் தரிசனம், அது முடிந்து வீட்டுக்கு வந்தால் அத்தை கிண்டிவைத்த களியும் ஏழு காய்க் கூட்டும். அந்த வருடம் தரிசனம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் நாங்கள் கோயில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தபோதுதான் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம் என்ற பேச்சு ஒரு வாசலில் புகுந்து மறு வாசல் வழியாகப் போயிற்று. யாரும் முதலில் நம்பவில்லை. கடலாவது, வருவதாவது. மாமா வீட்டுக்கு வந்து டிவியைப் போட்ட பிறகுதான் பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பா களியைத் தொடவில்லை. கிடைத்த லாரியில் ஏறிக் கடலூருக்குப் போய்விட்டார். எங்களை மாமா வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். நான் அவருடைய பங்குக் களியையும் சேர்த்துத் தின்றேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோதுதான் நான் எவ்வளவு பெரிய விஷயத்தைத் தவறவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. வகுப்பில் எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. ஒருத்தி அலை பனைமர உயரம் என்றாள். இன்னொருத்தி கறுப்பாக வந்தது என்றாள். பீச் பக்கமே வீடு இல்லாதவள்கூட, தெருவில் ஜனங்கள் ஓடிவந்ததை மாடியில் இருந்து பார்த்தேன் என்றாள். நான் மட்டும் என்ன சொல்வது? சிதம்பரத்தில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தேன் என்றா? வெட்கமாக இருந்தது. அதனால் நான் ஊரில் இல்லை என்பதை யாரிடமும் சொல்லவே இல்லை. கேட்டவர்களிடம் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் கோகிலா. தேவனாம்பட்டினத்துப் பெண். அப்பா படகில் போகிறவர். டிசம்பர் வரைக்கும் அவள் விஷயத்தில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. என்னிடம் ரப்பர் வாங்குவாள், ஸ்கேல் வாங்குவாள், பென்சில் சீவக் கொடுத்தால் கூராகச் சீவித் தருவாள். கொடுக்கிற இடத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. என் புத்தகப் பை அண்ணன் மூன்று வருடம் தூக்கித் தேய்த்தது. ஜிப் போய், வாயில் இரண்டு ஊக்கு குத்தியிருக்கும். ஆனாலும் கோகிலாவுடையது துணிக்கடைக் கட்டைப் பை என்பதால் என் ஊக்குகள் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஜனவரியில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இரண்டு நாளைக்கு ஒரு முறை வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். பியூன் வந்து, "சுனாமி புள்ளைங்கள்லாம் வெளிய வாங்க" என்பார். எங்கள் வகுப்பில் கோகிலாவும் இன்னும் இரண்டு பேரும் எழுந்து போவார்கள். திரும்பி வரும்போது கை நிறைய இருக்கும். ஒரு நாள் நோட்டுகள், ஒரு நாள் ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு நாள் மூடியைத் திருகினால் கப்பாக மாறும் தண்ணீர் பாட்டில். எல்லாம் புதிது. எல்லாவற்றிலும் கடை வாசனை. மீதி நாற்பது பேரும் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் கையையே பார்ப்போம். அந்த நாற்பது பேரில் மிக அதிகமாகப் பார்த்தது நான்தான் என்று துணிந்து சொல்வேன்.

பொங்கல் கழிந்து அந்தப் பை வந்தது. நீலப் பை. முன்னால் மூன்று ஜிப், பக்கத்துக்கு ஒரு வலை, முதுகு படும் இடத்தில் மெத்தை. தோளில் மாட்டும் பட்டையை இழுத்தால் நீளும், தள்ளினால் குறுகும். கோகிலா அதைப் பெஞ்சுக்குக் கீழே சாதாரணமாகத் தள்ளி வைத்தாள். நான் என் பையைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன். பாடம் நடக்கும்போது குனிந்து பென்சில் எடுக்கிற சாக்கில் அந்த ஜிப்பை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போல ஓடியது. வயிறு எரிந்தது எனக்கு. அப்படியே எரிந்தது.

கோகிலாவின் அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமை பீச்சில் கிரிக்கெட் ஆடப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டீச்சர் முதல் நாளே எங்களிடம் சொல்லி, "அந்தப் புள்ளைகிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று எச்சரித்திருந்தார். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. தெரிந்துதான் பையைப் பார்த்தேன்.

வீட்டில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க அவர் எடுத்துவந்த காகிதங்கள் எல்லாம் பட்டியல்தான். வீடு போனவர்கள், படகு போனவர்கள், ஆள் போனவர்கள். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுத உட்காருவார்.

"அப்பா, நம்ம பேரையும் அதுல எழுதிடுப்பா."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "எதுக்கு?"

"பை குடுக்கறாங்க."

"இந்த லிஸ்ட்ல பேரு இல்லாம இருக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும், தெரியுமா?" என்றார். திட்டவில்லை. களைத்துப் போயிருந்தார்.

குடுத்து வெச்சிருக்கணுமாம். யாருக்கோ எதையோ கொடுத்து வைத்திருக்கிறோம் போல, அதனால்தான் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்குக் கொஞ்சமாவது கடல் வந்திருக்கலாம். கணுக்கால் அளவு வந்திருந்தால்கூடப் போதும். கோகிலாவின் ஜனங்களை ஊருக்கு வெளியே வரிசையாகப் போட்ட தார் ஷீட் கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். அண்ணனோடு ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து சமைப்பதைப் பார்த்தேன். கூட்டாஞ்சோறு போல இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் டீச்சர் இரண்டு நாள் லீவு. அன்று பார்த்து வேன் வந்தது. பியூன் கூப்பிட்டார். கோகிலா எழுந்தாள். அவள் பெஞ்சைத் தாண்டிப் போக நான் எழுந்து வழி விட்டேன். எழுந்த நான் திரும்ப உட்காரவில்லை. அவள் பின்னாலேயே போய்விட்டேன். யோசித்துச் செய்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் கால்கள் யோசித்திருக்கலாம். எங்கள் வகுப்பின் மற்ற இரண்டு பேரும் முன்னாலேயே ஓடி வரிசையின் தலைக்குப் போய்விட்டார்கள். வராந்தாவில் இருந்த மற்ற பெண்கள் வேறு வேறு வகுப்பு, என்னை அவர்களுக்குத் தெரியாது.

வேனில் வந்த அக்கா ஒருவர் கையில் நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்டு எழுதினார். கோகிலாவின் முறை வந்தது. "உங்க வீட்டுல யாரும்மா?" என்றார்.

"எங்க அண்ணன்" என்றாள்.

அடுத்தது நான். "உங்க வீட்டுலம்மா?"

ஓட்டலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தோசை என்றால் நாமும் தோசை என்போமே, அப்படித்தான் என் வாயில் வந்தது. "எங்க அண்ணன்" என்றேன்.

அந்த அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் சேலையில் பவுடர் வாசனை வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டு, பையும் மற்ற சாமான்களும் அடுத்த முறை வரும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். திரும்பி நடக்கும்போது கோகிலா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று பிஸ்கட் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"உங்க அண்ணனும் கிரிக்கெட் ஆட வந்துச்சா?" என்றாள்.

டவுனில் இருந்து பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்கு விளையாட வருவது எப்போதும் உள்ளதுதான். நான் தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரைக்கும் நாங்கள் கை பிடித்துக்கொண்டு நடந்ததே இல்லை.

அன்றில் இருந்து அவள் பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதமாக யாரிடமும் வாயைத் திறக்காதவள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனைப் பற்றியே பேசினாள். அவர் பத்தாம் வகுப்பாம். தினமும் காலையில் அவளை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விடுவாராம். "பீச் ரோட்டுல ரெண்டு கையையும் வுட்டுட்டு ஓட்டும். நான் சட்டையைப் புடிச்சுக்குவேன். முதுகுல மூஞ்சிய வெச்சுக்கிட்டா காத்தே அடிக்காது" என்றாள். மழை நாளில் அவள் நனையக் கூடாது என்று உரச் சாக்கை வெட்டி முக்காடு போல மடித்துத் தலையில் போட்டுவிடுவாராம். ஐஸ் வாங்கினால் முதல் கடி அவளுக்காம்.

எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பொறுக்கவில்லை. என் அண்ணன் என்னை ஒரு நாள்கூட கேரியரில் ஏற்றியதில்லை. "நீ ஏறுனா டயர் வெடிச்சுடும்" என்பான். ஐஸைக் கையில் கொடுத்தால் குச்சிதான் திரும்பும். இல்லாமல் போன அண்ணன்கூட அவளுக்கு நல்ல அண்ணனாக அமைந்திருக்கிறார், இருக்கிற எனக்கு வாய்த்தது இது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

"உங்க அண்ணன் எப்புடி?" என்று அவள் கேட்டாள். நானும் சளைக்காமல் அடித்துவிட்டேன். என்னை முன்பாரில் உட்காரவைத்து ஓட்டுவான் என்றேன். அவள் அண்ணனுக்கு ஐஸ் என்றால் என் அண்ணனுக்கு பலூடா. அவள் எல்லாவற்றையும் நம்பினாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலையில் அடித்த தேங்காயெண்ணெய் வாசனையைத் தாண்டி, மடியில் இருந்த நீலப் பையின் ரெக்ஸின் வாசனை என் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வேன் எப்போது வரும் என்று நான் நாளை எண்ணினேன்.

வேனுக்கு முன்னால் அண்ணன் வந்துவிட்டான். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துபோய் வந்துவிட்டேன். மதியம் மணி அடித்ததும் கேட்டுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "இந்தா பிசாசே, உன் தயிர்சாதம்" என்று டப்பாவைக் கம்பி வழியாக நீட்டிவிட்டுப் போனான். நான் திரும்பினால் கோகிலா பின்னால் நிற்கிறாள்.

"யாரு அது?"

பெரியப்பா பையன் என்றோ பக்கத்து வீட்டுப் பையன் என்றோ சொல்லியிருக்கலாம். பொய்யில் பழகியவளுக்கு அந்த நேரம் பார்த்து உண்மை வந்து தொலைத்தது. "எங்க அண்ணன்" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கெடச்சுடுச்சா? உங்க அண்ணன் கெடச்சுடுச்சா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல எனக்கு வரவில்லை. "ஆமா" என்றேன்.

"எங்க இருந்துச்சு?"

"சிதம்பரத்துல. அண்ணாமலை நகர்ல. எங்க மாமா வீட்டுல." கடல் வந்த அன்று அவன் அங்கேதான் இருந்தான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து களிதான் தின்றான். அதனால் இது பொய்யில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோகிலா சாப்பிடவில்லை. பையை மாட்டிக்கொண்டு, டீச்சரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி ஓடினாள்.

மறுநாள் காலை ஏழரை மணி இருக்கும். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அண்ணன் பல் விளக்கிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தான். வெளியே கோகிலாவும் அவள் அப்பாவும். அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாக இரண்டு முறை நோட்டு வாங்க வந்திருந்ததால் அவளுக்கு எங்கள் வீடு தெரியும். அவர் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் அண்ணனைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தார். வாயில் நுரையோடு அவன் திகைத்துப்போய் நின்றான்.

"நல்லாருக்கியாப்பா? அடி கிடி ஒண்ணும் இல்லியே?"

அப்பா பனியனோடு உள்ளே இருந்து வந்தார். அவரைக் கண்டதும் கோகிலாவின் அப்பா கைகூப்பினார். "சார், உங்க புள்ள சிதம்பரத்துல கெடச்சாருன்னு பாப்பா சொன்னுச்சாம். எந்த எடம் சார்? ஆஸ்பத்திரியா? எம்புள்ளையும் அந்த வயசுதான் சார். அங்க கொண்டுபோயி யாராச்சும் போட்டிருந்தா, பேரு சொல்லத் தெரியாம கெடந்தா..."

நான் உள் அறையின் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா மெதுவாகத் திரும்பி அந்தத் திரையைப் பார்த்தார். இன்றைக்கு பெல்ட் இல்லை, விறகுக் கட்டைதான் என்று நினைத்தேன். "என்னங்க இது, அன்னிக்கு நாம எல்லாரும் அங்க..." என்று ஆரம்பித்த அம்மாவை அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் எழுதிய பட்டியலில், காணவில்லை என்ற வரிசையில், அந்தப் பையனின் பெயரும் இருந்திருக்கும். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். வாசலில் நிற்கிறவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லி அனுப்பியிருக்கலாம். "இருங்க. சட்டையப் போட்டுக்கிட்டு வரேன். நானும் வரேன்" என்றார்.

அவர்கள் மூன்று பேருமாகக் கிளம்பியபோதுதான் எனக்குப் பயம் போய்ப் பழைய குணம் திரும்பியது. கோகிலா என் மாமா வீட்டுக்குப் போகிறாள். என் அப்பாவோடு போகிறாள். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட் கிடைக்கும். "நானும் வரேன்" என்று வாசலுக்கு ஓடினேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கோகிலாதான் பார்த்தாள், ஆனால் என்னை இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிணற்றடியில் முகம் துடைத்துக்கொண்டிருந்த என் அண்ணனைப் பார்த்துக்கொண்டே தெருமுனை வரைக்கும் போனாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. இந்நேரம் புதுச்சத்திரம் தாண்டியிருப்பார்கள், இந்நேரம் மாமா வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் போட்டு மறுகினேன்.

அப்பா இருட்டிய பிறகு வந்தார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. மாமாவும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாராம். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வார்டாகப் பார்த்தார்களாம். கோயிலின் நாலு வாசலிலும், பஸ் ஸ்டாண்டிலும், ரயிலடியிலும் படுத்துக் கிடந்தவர்களின் போர்வையை விலக்கி விலக்கிப் பார்த்தார்களாம். "இல்லன்னு அவருக்கே தெரியும். தெரிஞ்சும் ஒரு எடம் வுடாம பாத்தாரு" என்றார் அப்பா. அதோடு, அத்தை கோகிலாவுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டு, தோசை வார்த்துக் கொடுத்தாளாம். தோசை என்றதும் என் காது விடைத்துக்கொண்டது. என் அத்தை. என் தோசை.

அப்பா என்னைக் கூப்பிட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். "நீ சொன்னது பொய்னு நான் அவருகிட்ட சொல்லல. சொல்ல வாய் வரல. நீ சொன்னத நீயே போய்ச் சொல்லு, அந்தப் புள்ளைகிட்ட" என்றார்.

மறுநாள் முழுக்கத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி மணி அடித்து எல்லோரும் போன பிறகு, பெஞ்சில் நகத்தால் கீறிக்கொண்டே, "எங்க அண்ணன் காணாமலே போகல" என்றேன்.

"தெரியும்" என்றாள். "உங்க அத்தை சொன்னாங்க. அன்னிக்கு நீங்கல்லாம் அங்க களி சாப்ட்டீங்களாம்."

கத்துவாள், கடிப்பாள், டீச்சரிடம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் "ஏன் அப்புடிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்னுது மாதிரி பை வேணும்னு."

அவள் தன் பையைப் பார்த்தாள். அப்போதுதான் முதல்தடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு மூன்று ஜிப்பையும் திறந்து, புத்தகம், நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், திருகினால் கப்பாகும் பாட்டில் எல்லாவற்றையும் பெஞ்சின் மேல் எடுத்து வைத்தாள். வெறும் பையை என் பக்கம் நகர்த்தினாள்.

"இத நீயே வெச்சுக்க. உங்க அண்ணன, ஒரே ஒரு நாளு, என்னக் கேரியர்ல ஏத்திக்கிட்டு வந்து ஸ்கூல்ல வுடச் சொல்றியா?"

நான் உடனே பையை எடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கே மனம் மாறிவிடப்போகிறாளோ என்ற பயம். மூன்று ஜிப் வைத்த புதுப் பையை, டயர் வெடிக்கும் என்று ஆளை விரட்டுகிற ஒரு சைக்கிளின் பின்சீட்டுக்கு மாற்றுகிறாளே, இப்படியும் ஒரு ஏமாளி இருப்பாளா என்று வீடு வரைக்கும் வியந்துகொண்டே போனேன். அந்தப் பை என்னிடம் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. அப்பா என்னை அவர்கள் கொட்டகைக்கே நடத்திக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்கவைத்தார். ஆனால் அதற்கு முன்னால் அந்த சவாரி நடந்துவிட்டது.

அண்ணனிடம் நான் எதுவும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தான். காலையில் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்துக்கொண்டு அவனே கிளம்பிவிட்டான்.

நீலப் பையோடு நான் பள்ளிக்கூட வாசலில் முன்னாலேயே போய் நின்றுகொண்டேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். அவர்கள் கொட்டகையில் இருந்து நேராக வராமல் பீச் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டிவந்தான். அவனுக்கு அப்படி ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கோகிலா கேரியரில் உட்கார்ந்து, அவன் சட்டையை இரண்டு கையாலும் பின்னால் கசக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகில் முகத்தை வைத்திருந்தாள். வாசல் வந்து, சைக்கிள் நின்று, மணி அடித்த பிறகும் அவள் இறங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அண்ணனும் இறங்கச் சொல்லவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றான்.

வேகத்துக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பயந்தாங்கொள்ளி, இவளுக்குப் போய் இந்த சவாரியா என்று வயிறெரிய, பையின் முன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றேன்.